வேலிக்கு உள்ளே பதினாலு, வெளியே ஒன்பது

ஊருக்குப் போகும்போதெல்லாம் வசந்தகுமாரியை யாராவது பிடித்துக்கொள்வார்கள். "துபாயில என்ன வேலைம்மா?" "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் எவ்வளவு தடிமனா இருக்கணும்னு கணக்குப் போடறேன்." "ஓ, எவர்சில்வரா! பாத்திரக்கடையா?" "ஆமா, கொஞ்சம் பெரிய பாத்திரம்" என்று சிரித்து வைப்பாள். வேறென்ன செய்ய? கிணற்றிலிருந்து சுடச்சுட சீறி வரும் எரிவாயுவைக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தா விளக்க முடியும்?

கணவர் முரளிதரனுக்கும் அதே வேலைதான், துபாய் அல் குசைஸில் அதே ஆபீஸ்தான். ஆனால் எதிர்க்கட்சி. ஆலை வேலிக்கு உள்ளே ஓடினால் அந்தக் குழாய்க்குப் பெயர் பைப்பிங். அது வசந்தாவின் பிரிவு. வேலிக்கு வெளியே பாலைவனத்தில் ஓடினால் பைப்லைன். அது முரளியின் பிரிவு. குழாய் என்னவோ ஒன்றுதான், வேலியைத் தாண்டினால் விதிப்புத்தகம் மாறிவிடும். உள்ளே ஆள் நடமாட்டம் அதிகம் என்று பைப்பிங் புத்தகம் தடிமனை அள்ளிக் கொடுக்கும். வெளியே மணல்தானே என்று பைப்லைன் புத்தகம் கையைச் சுருக்கும். பைப்லைன்காரர்கள் இவர்களைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள், இவர்கள் அவர்களைக் கஞ்சப்பிசினாறி என்பார்கள். இந்த இரண்டு கட்சியும் அஜ்மான் ஃபிளாட்டில் ஒரே அடுக்களையில் தோசை வார்த்தால் வீடு விளங்குமா, சொல்லுங்கள்!

"நோ பைப்ஸ் அட் டின்னர், ப்ளீஸ்!" என்று மகள் மஹதி சட்டமே போட்டுவிட்டாள். அதனால் சண்டையெல்லாம் காருக்குள் மாறியது. காலை டிராஃபிக்கில் வண்டி ஊர்ந்து போவதற்குள் ஒரு பட்டிமன்றமே நடத்திவிடலாம்.

இந்தத் தடவை வந்தது ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைன். வசந்தாவின் கணக்கில் வேலிக்கு உள்ளே பதினாலு மில்லிமீட்டர், முரளியின் கணக்கில் வெளியே ஒன்பது. அடேயப்பா, எத்தனை ஸ்டீல் மிச்சம்! பைப்லைன் பிரிவின் தலைவர் அப்துல் ஹாதிக்கு வாயெல்லாம் பல். மனிதர் ஓய்வு பெறப்போகிறார். "அடுத்து என் நாற்காலி உனக்குத்தான்" என்று முரளியிடம் ஜாடையாகச் சொல்லியும் விட்டார். முன்பு இரண்டு முறை கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போன நாற்காலி அது. முரளி வீட்டுக்குள் விசிலடித்துக்கொண்டே நடந்தார்.

ஒரு பிரிவின் கணக்கை இன்னொரு பிரிவு பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். முரளியின் ஒன்பது மில்லிமீட்டர் கணக்கு வசந்தாவின் மேஜைக்கு வந்தது.

"ஏங்க, சூட்டுக்குன்னு பலத்துல ஒண்ணுமே கழிக்கலையே?" என்றாள் மறுநாள் காரில்.

"நூத்திருபது டிகிரி வரைக்கும் கழிக்க வேண்டாம்னு புக்லயே இருக்கு. நம்ம லைன் நூத்திப்பத்துதான்."

"அது கார்பன் ஸ்டீலை மனசுல வெச்சு எழுதினதுங்க. அது அந்தச் சூடு வரைக்கும் அசையாம நிக்கும். இது ஸ்டெயின்லெஸ். சூடேற ஆரம்பிச்ச உடனே பலம் இறங்கிடும்."

"வசந்தா, நான் இருபது வருஷமா பைப்லைன் போடறேன்."

"இருபது வருஷமும் கார்பன் ஸ்டீல்தானே போட்டீங்க?"

போச்சு. முகம் 'உர்'ரென்று ஆகிவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்பதில் மனிதர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. நடந்தது என்ன என்று அவளுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. பழைய கார்பன் ஸ்டீல் கணக்கைத் திறந்து, உலோகத்தின் பெயரையும் பலத்தையும் மட்டும் மாற்றிவிட்டார். மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது. வளைகுடாவில் இதைச் செய்யாத எஞ்சினியர் யார்? எல்லா வேலையும் 'ஜல்தி ஜல்தி'தானே!

அதற்குப் பிறகும் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாள். அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். திங்கட்கிழமை கூட்டம், அது முடிந்ததும் குழாய்க்கு ஆர்டர் போய்விடும். கையெழுத்துப் போட்டால் மெலிந்த குழாய், போடாவிட்டால் நாற்காலி காலி. அந்த விசில் சத்தம் அவளுக்கு அத்தனை பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைக்கத்தான் செய்தாள். உடனே தன் மேலேயே வெறுப்பு வந்தது.

கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, எழுந்து, சூட்டுக்குக் கழிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டாள். அப்துல் ஹாதி முரளியின் பக்கம் திரும்பினார். "புத்தகம் நம்ம பக்கம்தானே?"

'ஆமாம்' என்ற ஒரே ஒரு சொல் போதும். அத்தோடு கலாஸ், கதை முடிந்தது; அவள் கையெழுத்துக்குக் காத்திராமல் தலைவரே ஆர்டரை அனுப்பியிருப்பார். முரளி கணக்கை மேலும் கீழும் புரட்டினார். காது மடல் சிவந்துவிட்டது.

"புத்தகம் கார்பன் ஸ்டீலுக்குச் சொன்னதை நான் இதுக்குப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. ஒன்பது தாங்காது" என்றார்.

ஆர்டர் நின்றது. அடுத்த வாரம் நாற்காலி விஜயபாஸ்கருக்குப் போனது. முரளிக்கு இளையவர், போதாக்குறைக்கு முரளி வேலை சொல்லிக் கொடுத்தவர்.

அன்று திரும்பும்போது கார் ஷார்ஜாவைத் தாண்டியதும் வசந்தாவுக்குத் தாங்கவில்லை. பொலபொலவென்று அழுதேவிட்டாள். "என்னாலதானே எல்லாம்?"

"உன்னாலதான்" என்றார் முரளி.

அவள் இன்னும் பெரிதாக அழுதாள்.

"அட, முழுசாக் கேளு. மணல்னாலும் அந்த லைன் ஓரமா செக் பண்ற ஆளுங்க தினமும் நடப்பாங்க வசந்தா. அது கிழிஞ்சிருந்தா அது என்னால. யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டாங்க, புக் அப்படித்தான் சொல்லுதுன்னு விட்டிருப்பாங்க. ஆனா நீ கேட்டிருப்பே. வாயைத் திறக்காம, தினமும் பக்கத்துல உட்கார்ந்தே கேட்டிருப்பே. அதுக்கு நான் எங்கே போறது?"

அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். முரளி இண்டிகேட்டரைப் போட்டு லேன் மாறினார்.

"இன்னொண்ணு. நாளையிலேர்ந்து விஜயபாஸ்கர் கணக்கு உன் மேஜைக்கு வரும். சின்னப்பையன்னு பாவம் பார்த்து விட்டே, அப்புறம் இருக்கு உனக்கு!"