சாம்பலில் வரைந்த சயாம்

ஜப்பான்காரன் காலத்தில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற நான்தான் பெரியவளுக்கும் சின்னவனுக்கும் சரித்திரம், பூகோளம் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்காரரைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். வரைய அரிசிமாவு ஏது? லயத்து வீட்டு வாசலில் அடுப்புச் சாம்பலால் மலாயாவையும் சயாமையும் வரைந்தேன்.

"அப்பா இவ்ளோ தூரத்துலயாம்மா இருக்காரு?" என்றான் சின்னவன்.

அந்நேரம் பார்த்து ஜப்பான் சிப்பாய்கள் வந்தார்கள். வரைபடத்தைப் பார்த்தால் உளவாளி என்று பிடித்துக்கொண்டு போவார்களே! பெரியவள் சட்டென்று புள்ளி வைத்து, கோடுகளை வளைத்து இழுத்து, கோலமாக்கிவிட்டாள். அவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அழிச்சிடவாம்மா?"

"வேணாண்டி."

சின்னவன் குனிந்து பார்த்தான். "அக்கா இழுத்த இழுப்புல அப்பா நம்ம கிட்டக்க வந்துட்டாரும்மா!"

மழை வந்துவிடுமோ என்று அன்றெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.