நான்காவது தொட்டில்

2025 அக்டோபர் பதினாறு, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கெடா மாநிலத்துச் செர்டாங்கில் விடாத தூறல். குழந்தைகள் காப்பகத்தின் கதவை நான் திறப்பதற்கு முன்பே அந்தப் பெண் வந்து, மழைக்கோட்டுக்குள் கைக்குழந்தையை அணைத்தபடி நின்றிருந்தாள். குலிம் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. புருஷன் போன இடம் தெரியாது. குழந்தைக்கு ஏழு மாதம்; இந்த மாதம்தான் முன்பணம் கட்டி இங்கே சேர்த்திருந்தாள்.

"சார், தீவாளி அன்னைக்குத் தொறப்பீங்கதானே? என்னை ஷிப்டுக்குப் போட்டுட்டாங்க. வரலன்னா கன்ட்ராக் அதோட முடிஞ்சதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான்."

"திறப்போம். ஆனால் கைக்குழந்தை…" என்று இழுத்தேன்.

"இவ அழவே மாட்டா சார். ஒரு மூலையில போட்டாக்கூட கெடப்பா."

தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

தமிழ்ப்பள்ளியில் ஓய்வு பெற்று இந்தக் காப்பகத்தைத் தொடங்கிப் பதினொரு வருடம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மூன்று பெண்கள். இருவர் தமிழர்கள், மூன்றாமவர் மலாய்க்காரர், அவரை எல்லோரும் 'காக்', அதாவது அக்கா, என்போம். நோன்புப் பெருநாளான ராயாவுக்குக் காக் ஊருக்குப் போவார், தமிழ்ப் பெண்கள் நிற்பார்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் இருப்பார்கள், காக் நிற்பார். யாரும் எழுதி வைத்த ஏற்பாடு இல்லை. முதல் வருடம் அவர்களே பேசிக்கொண்டது, பிறகு அப்படியே நடந்து வந்தது.

ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால், ஒரு பெண் மூன்று பேரைத்தான் பார்க்கலாம். அது அரசாங்க விதி. தீபாவளிக்கு வரப்போகும் மூன்று கைக்குழந்தைகளின் பெயரை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இவள் நான்காவது. எனக்கு எழுபத்து மூன்று வயது. பயிற்சிச் சான்றிதழும் கிடையாது. விதியின் கணக்கில் நான் ஆளே இல்லை.

தமிழ்ப் பெண்களில் மூத்தவர் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தீபாவளிக்கு ஒரு நாள் மட்டும் வந்துட்டுப் போறியா? ஒரே ஒரு கைப்பிள்ளைதான்."

"என்னா சார், வெளையாடுறீங்களா? பெருநாளைக்கு நாங்க நின்னாச்சு. வருசம் பூரா ஊரான் புள்ளைங்களக் குளிப்பாட்டுறேன். என் மவன் ஜொகூர்லேருந்து வர்றதே அந்த ஒரு நாள்தான். அவன் தலையில எண்ணெ வைக்க வேணாமா?"

இளையவள் துணி மடித்தபடியே சொன்னாள்: "சாரைத் தூக்கி ஒரு தொட்டில்ல போடுங்கக்கா. எண்ணுறதையாவது நிறுத்துவாரு லா."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெடாவின் வார விடுமுறையான வெள்ளியும் சனியும் காப்பகம் மூடியிருக்கும். ஞாயிறு ஒரு நாள்தான் மிச்சம், திங்கள் தீபாவளி. பதற்றத்தில் வாயை விட்டேன்.

"மூன்று மடங்கு கூலி தர்றேம்மா. கையில ரொக்கமா."

மூத்தவர் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் பார்வை எனக்குப் பின்னால் போனது. திரும்பினேன். குழந்தைகள் அறை வாசலில், தோளில் ஒரு பிள்ளையைத் தட்டியபடி காக் நின்றிருந்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு மத்தியானம் பிள்ளைகள் தூங்கிய பிறகு காக் என் மேசைக்கு வந்தார். பதினொரு வருடப் பழக்கத்தில் அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"சார், நாளைக்கு நான் வரல. கோலா கெடா போறேன், அம்மா வீடு."

"ஏன் திடீரென்று?"

"ராயாவுக்கு இவங்க நிக்குது, தீபாவளிக்கு நான் நிக்குது. அது கூட்டாளி வேலை. இப்ப சார் வெல போட்டாச்சு."

"உங்களுக்கும் அதே கூலி தருகிறேன்."

அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

"பதினோரு தீபாவளி, சார். இப்பதான் ஞாபகம் வருதா?"

அவர் போன பிறகு மூத்தவரிடம் கெஞ்சினேன். காக் இல்லாவிட்டால் நாலு பிள்ளைக்கும் இடமில்லை என்றேன்.

"அன்னைக்குச் சும்மா கேட்டதோட நிறுத்தியிருந்தீங்கன்னா, திட்டிக்கிட்டே வந்தாலும் வந்திருப்பேன். இப்ப நான் வந்து நின்னா, காசுக்கு வந்தேன்னுதானே காக் நெனைக்கும்? எந்த மூஞ்சியோட அது பக்கத்துல ஒக்கார்றது?"

மற்ற மூன்று வீடுகளுக்கும் போன் செய்து முடியாது என்று சொல்லிவிட்டேன். திட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் போனை எடுக்கவே இல்லை.

தீபாவளியன்று விடிவதற்கு முன்பே காப்பக வாசலில் போய் நின்றேன். மழை இல்லை. எங்கோ வெடி வெடித்துக்கொண்டிருந்தது. அவள் வந்தாள். குழந்தைக்குப் புதுச் சட்டை. தலையில் வைத்த எண்ணெய் நெற்றியில் வழிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க இருக்கீங்களே சார். எங்கப்பாவுக்கே பாடம் சொல்லிக் கொடுத்தவரு நீங்க. ஒரு நாள் வச்சுக்க மாட்டீங்களா?"

கையை நீட்டினேன். எழுபத்து மூன்று வயதுக் கை. பால் புரையேறினால் இந்தக் கையால் என்ன செய்வேன்? நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

பஸ் வந்தது. ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அவள் பஸ்ஸையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஏறவில்லை. பஸ் போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நானும் அங்கிருந்து போகவில்லை.

சூப்பர்வைசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அந்த மாதக் கடைசியில் அவள் தன் தாய் இருக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கே போய்விட்டாள். அங்கே என்ன வேலை கிடைத்ததோ, கேட்கத் தைரியமில்லை. காக் திரும்பி வரவில்லை. அவரை நம்பிப் பிள்ளைகளை விட்டிருந்த மற்ற மூன்று தாய்மாரும் விலகிக்கொண்டார்கள். தமிழ்ப் பெண்கள் இருவரும் வேலைக்கு வருகிறார்கள். என்னைக் கேலி செய்வதில்லை. வருகிற பெருநாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

வருடக் கடைசியில் கைக்குழந்தைகள் அறையை மூடினேன். நால்வரின் முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அவள் பங்கை அவள் தம்பி வந்து வாங்கிப் போனான். தலைக்கு நானூற்று ஐம்பது; மொத்தம் ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்.