ஆடி மாதத்துக் கேமரா

ஏழைகள் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு யாரையும் பகைத்துக்கொள்ளாத ஒரு கட்சியில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். இரண்டு முறை ஒன்றியக் கவுன்சிலர். மூன்றாம் முறை நாற்பத்தாறு ஓட்டில் தோற்றேன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் எழுத ஆரம்பித்து நாலு புத்தகம் வந்தது. எழுபத்திரண்டு வயதில் படம் எடுக்கும் ஆசை பிடித்தது. பென்னாகரம் பக்கம் காட்டோரத்தில் ஆடு மேய்ப்பவர்களின் ஒரு நாள், அவ்வளவுதான் படம்.

கேமரா, பாப்பிரெட்டிப்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பாயுடையது. கல்யாணங்கள் எடுப்பவர். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கேமராவோடு தானும் வருவதாகச் சொன்னார். ஆவணி பிறந்துவிட்டால் இரண்டும் கிடைக்காது. அந்தக் கவலையிலேயே என் தூக்கம் பாதி போயிற்று.

போன இடத்திலெல்லாம் என்னைக் கண்டதும் எழுந்து, கைகட்டி நின்று, மனு கொடுத்தார்கள். ரோடு இல்லை, பட்டா வரவில்லை, போர் ஓடவில்லை. ஆடு மேய்ப்பதைப் பற்றிக் கேட்டால் ஆட்டுக் கொட்டகைக்கு உதவி கேட்டார்கள். பதினேழு பேரை எடுத்தோம், பதினேழும் மனு. ஆடியில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது.

பாய் கேமராவை மூடிக்கொண்டே சொன்னார்: "தலைவரே, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கரை வேட்டியோட நின்னா யாருங்க கதை சொல்லுவாங்க? நாளைக்கு லுங்கி கட்டிட்டு வாங்க."

"லுங்கியோட நான் வெளிய போனதே இல்லைங்க பாய்."

"நான் தெனம் போறேன். ஒண்ணும் ஆயிரல."

மறுநாள் லுங்கியில் போனேன். பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது, ஒருவரும் பார்க்கவில்லை. காட்டோரத்துப் பாறைமேல் ஓர் அம்மா உட்கார்ந்து ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு அவர் எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாய் எதிரே நின்று எடுத்தார். எந்த ஆடு எதைத் தின்னாது, எது அடுத்தவர் கொல்லையில் புகும், கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஒரு வருஷம் திரும்பாதபோது தான் ஆடுகளிடம் என்ன பேசினார் என்றெல்லாம் வெயில் ஏறும்வரை சொன்னார்.

கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "நான் யாருன்னு தெரியுங்களாம்மா?"

"தெரியாம என்னங்க? ரெண்டு தடவையும் உங்களுக்குத்தான் போட்டேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"லுங்கியோட வந்து குந்தியிருக்கறீங்க. உங்ககிட்ட என்னத்தக் கேக்கறது? பாவமா இருந்துச்சு, பேசிட்டிருந்தேன்."

பாய் சத்தமில்லாமல் சிரித்ததில் கேமரா ஆடியது. அந்த ஆட்டத்தை வெட்டாமல் வைத்திருக்கிறோம். ஆடிக்குள் முடிந்த இருபத்தொரு நிமிடப் படத்தில் ஒன்பது நிமிடம் அந்த அம்மாதான்.

ஓட்டுப் போட்டதற்கு எல்லாருக்கும் சேர்த்து மைக்கில் நன்றி சொல்லியிருக்கிறேன். என்னைப் பார்த்துப் பாவப்பட்டதற்கு அவருக்கு மட்டும், பக்கத்தில் உட்கார்ந்தபடியே சொன்னேன்.