கருப்பியின் முட்டையும் என் கையெழுத்தும்

1959-ஆம் வருடம் ஜனவரி மாதம் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபது. பனி விலகிவிட்டது, வெயில் வந்தும் சூடு வரவில்லை. ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபைக் கோயிலின் பின் அறையில் மிஷன் அரிசியை அளந்துகொண்டிருந்தேன். ஐந்து படி. நம்பாமல் மறுபடியும் அளந்தேன். அதே ஐந்து படி. போன வருடம் அதே வாரத்தில் பதினான்கு படி வந்திருந்தது.

அன்பான விசுவாசிகளே, அந்த அரிசி இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சபையின் பொருளாளர். 1948-இல் கைப்பிடி அரிசித் திட்டத்தை எங்கள் சபையில் ஆரம்பித்தவன் நான்தான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போட வேண்டும். ஞாயிறன்று அதைக் கொண்டுவர வேண்டும். முப்பத்தோரு வீட்டுக்கும் கலயம் வாங்கிக் கொடுத்தேன். அரிசியை விற்ற பணம், மேற்கு மலைப் பக்கம் ஒரு சிற்றூரில் ஊழியம் செய்யும் ஞானமுத்து என்ற சுவிசேஷகருக்கு மாதம் இருபத்தைந்து ரூபாயாகப் போனது. பதினோரு வருடம் ஒரு மாதமும் தவறவில்லை.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. உலைக்கே அரிசி இல்லாதபோது கலயத்துக்கு எங்கே போவது? ஞானமுத்துவுக்கு நான்கு பிள்ளைகள். இரண்டு மாதம் பணம் போகாவிட்டால் அவர் ஊழியத்தை விட்டுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான். நான் அந்த அறையிலேயே முழங்கால் படியிட்டேன். "ஆண்டவரே, இருபத்தைந்து ரூபாயைத் தாரும். அது என் கையால் போகும்படி செய்யும்" என்று கேட்டேன். கேட்ட வார்த்தைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

பதினான்கே நாளில் பதில் வந்தது. என் சகலை தங்கராஜின் வாய்வழியாக வந்தது.

என் மனைவி எஸ்தரின் தங்கை சாராளைக் கட்டியவர் தங்கராஜ். கடலை வியாபாரம். என்னைவிட ஒன்பது வயது இளையவர், என்னைவிட ஆறு வகுப்பு குறைவாகப் படித்தவர். சபைக் கூட்டத்தில் எழுந்து, "ஞாயித்துக்கெழம கோழி இடுற முட்டையெல்லாம் மிஷனுக்குன்னு வச்சிருவோம். புதுக்கோட்டை ஓட்டலுக்கு நான் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாரேன்" என்றார். எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. கோழிக்கு ஞாயிறு எது, திங்கள் எது என்று தெரியுமா என்று நான் கேட்டேன்.

"கோழிக்குத் தெரிய வேணாம்ண்ணே. நமக்குத் தெரிஞ்சாப் போதும்."

இருபத்துமூன்று பேர் சிரித்தார்கள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு நாற்பத்தாறு முட்டை வந்தது. போதகர் ஐயா பிரசங்கபீடத்திலிருந்து 'சகோதரர் தங்கராஜின் திட்டம்' என்று ஏழு நிமிடம் பேசினார். என் அரிசியைப் பற்றிப் பதினோரு வருடத்தில் ஒருவரும் ஒரு நிமிடம் பேசியதில்லை. என் கலயங்களைக் கொண்டுவந்த அதே பெண்கள் இப்போது அவருடைய கூடையைச் சுற்றி நின்றார்கள். கூடைக்குக் கதம்பம் வேறு சுற்றியிருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஞானமுத்துவுக்கு இருபத்தைந்து ரூபாய் போய்விட்டது. நான் கேட்டது அதைத்தான். ஆனால் மணியார்டர் பாரத்தை எழுதும்போது என் நெஞ்சு எரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், இனி தங்கை வீட்டுப் பக்கம் போகக்கூடாது, நம் வீட்டு முட்டை ஒன்றுகூட அந்தக் கூடைக்குள் விழக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். எங்களிடம் மூன்று கோழிகள். பஞ்சாரத்தில் கிடக்கும் ஒவ்வொரு முட்டையிலும் அன்றைய தேதியையும் கோழியின் முதல் எழுத்தையும் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். கருப்பிக்கு 'க', சிவப்பிக்கு 'சி', பொரிச்சிக்கு 'பொ'. இப்படி எழுதிவிட்டால் ஒரு முட்டை குறைந்தாலும் தெரிந்துவிடும் அல்லவா?

குறையத்தான் செய்தது. ஞாயிறன்று மட்டும் குறைந்தது. நான் பொருளாளர் என்பதால் எட்டு மணிக்கே கோயிலுக்குப் போய்விடுவேன்; திரும்பி வந்தால் முட்டை இருக்காது. பஞ்சாரத்துக்குள் ஓட்டுத் துண்டு கிடக்கும். "கீரிங்க" என்பாள் எஸ்தர். நான் பஸ் ஏறிப் புதுக்கோட்டை போய்ப் பெரிய பொறி ஒன்று வாங்கிவந்தேன். அதில் கீரி விழவில்லை. கருப்பியின் கால்தான் மாட்டியது.

இதற்குள் தங்கராஜின் பேர் ஊர் தாண்டிப் போயிற்று. கீரனூர்ப் பக்கத்துச் சபையிலிருந்து அவரை அழைத்துப்போய் முட்டைத் திட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என்னை எவரும் எங்கும் அழைக்கவில்லை. அப்பமும் ரசமும் பங்கிடும் பரிசுத்த பந்திக்கு நான் மூன்று முறை போகவில்லை. சகோதரனை வெறுத்துக்கொண்டு அந்த அப்பத்தைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. நெஞ்செரிச்சலுக்கு ஆலங்குடி டாக்டரிடம் இரண்டு பாட்டில் மிக்சர் வாங்கிக் குடித்தேன். அது கேட்கவில்லை. என் மனைவியும் அவள் தங்கையும் கோயிலில் ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு, என் கண்ணுக்குப் பயந்து பேசாமல் இருந்தார்கள். வீட்டிலும் எஸ்தர் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று எண்ணிவிடலாம் போலிருந்தது. கட்டி நாற்பத்திரண்டு வருடம் ஆன பிறகு அவளை இழந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

அக்டோபர் கடைசியில் ஞானமுத்துவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பிள்ளைகள் பட்டினியில்லாமல் இருக்கிறார்கள், முட்டை அனுப்பும் சகோதரருக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கார்டை நானே சபையில் வாசிக்க வேண்டும். பின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாம் முறை முழங்கால் படியிட்டேன். "ஆண்டவரே, என் கையால் போகும்படி கேட்டேன். நீர் வேறொரு கையை எடுத்துக்கொண்டீர். எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பொறாமையை எடுத்துப்போடும்" என்று அழுதேன்.

நவம்பர் பதினைந்து, அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் போன பிறகு, ஒரு படி நெல்லின் மேல் ஒற்றை முட்டையை வைத்து, ஞாயிறு முட்டை, மிஷனுக்கு என்று, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கூவினார். தங்கராஜ் ஒரு ரூபாய் கேட்டார். ஜெபித்தவன்தான் நான், ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் என் வாய் இரண்டு ரூபாய் என்றது. அவர் மூன்று. நான் நான்கு. பன்னிரண்டு நயா பைசா பெறும் முட்டை. அவர் பத்து என்றார். நான் பதினொன்று என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து போய் முட்டையைக் கையில் எடுத்தேன். நெல்லுக்குள் புதைந்திருந்த பக்கத்தைத் திருப்பினேன்.

'க. 15-11.'

என் பென்சில். என் எழுத்து. அன்று காலை ஏழு மணிக்கு நானே எழுதியது.

நான் பெண்கள் பக்கம் திரும்பினேன். எஸ்தர் எழுந்து நின்றாள்.

"கீரி தூக்கிட்டுப் போனதுதாங்க. இன்னக்கி நீங்களே புடிச்சிட்டீங்க."

அருகில் போய் எத்தனை என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் கேட்க வந்தது.

"பிப்ரவரியிலேருந்து இதோட அறுவத்தொண்ணு. ஈரத்துணியால தொடச்சுத் தொடச்சு சாராகிட்டக் குடுத்தேன். அவ வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

"இன்னக்கி ஏன் தொடைக்கலை?"

"அலுத்துப்போச்சுங்க."

எனக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வரவில்லை. ஒன்பது மாதமாக எந்தக் கூடையைப் பார்த்து வயிறெரிந்தேனோ அந்தக் கூடையில் என் வீட்டு முட்டையும் இருந்திருக்கிறது. எந்தப் பணம் என் கையால் போகவில்லை என்று அழுதேனோ அந்தப் பணத்துக்குள் என் கையெழுத்துப் போட்ட அறுபது முட்டை போயிருக்கிறது. ஆண்டவர் என் ஜெபத்தை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறார். நான்தான் கணக்கில் கோட்டை விட்டேன். சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. நெஞ்சில் அந்த எரிச்சலைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

தங்கராஜ் பக்கத்தில் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "ஒங்க கூட போட்டி போட்டாத்தாண்ணே மிஷனுக்கு நல்லாக் கெடைக்குது. வருசா வருசம் போடுவோம்" என்றார். ஏலத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடுவது எங்கள் வழக்கம். நான் கொடுக்கவில்லை. அன்று மத்தியானம் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு சாராள் வீட்டுக்குப் போனேன். அந்த முட்டையை அவித்து நான்கு பேரும் பங்கிட்டோம். ஆளுக்கு இரண்டு ரூபாய் எழுபத்தைந்து நயா பைசா. அக்காளும் தங்கையும் அடுப்படியில் பேசிய பேச்சு சாயங்காலம்வரை ஓயவில்லை. அதை நான் எண்ணவில்லை. அடுத்த பரிசுத்த பந்தியில் நானும் தங்கராஜும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் படியிட்டோம்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. இப்போது எங்கள் சபையில் அரிசியும் வருகிறது, முட்டையும் வருகிறது; கடலை போடுகிறவர்கள் ஒரு பாத்தியை மிஷனுக்கென்று விடுகிறார்கள். அந்தப் பாத்தி யோசனையும் என்னுடையது அல்ல. இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கும்போதெல்லாம் போய் ஞாயிறு முட்டையில் ஒரு சிலுவை வரைகிறேன். உங்கள் சபையிலும் வீட்டில் இருப்பதைக் கொண்டு ஆரம்பியுங்கள். யாருடைய யோசனை என்று மட்டும் கேட்காதீர்கள். ஜெபம் செய்துவிட்டு, பதில் எந்தக் கையில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவரை நம்பினவன் நஷ்டப்பட்டதில்லை.

எனக்கு ஆன செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முட்டை பதினொரு ரூபாய். கீரிப் பொறி இரண்டரை ரூபாய். அதற்குப் போய்வந்த பஸ் தொண்ணூறு நயா பைசா. மிக்சர் ஒன்றரை ரூபாய். கருப்பியின் காலுக்கு எண்ணெய் பன்னிரண்டு நயா பைசா, பென்சில் ஆறு. மொத்தம் பதினாறு ரூபாய் எட்டு நயா பைசா.