முதுகுக்கும் பேட்டரிக்கும் ஒரு விண்ணப்பம்

பதிவுச் சான்றிதழில் கண்டுள்ள விவரங்களுக்கு முரண்படும்படி எந்த உரிமையாளரும் தன் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாம் பிரிவு. அரசு வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தப் பிரிவைப் படித்தவன் நான். படிக்காதவர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். சான்றிதழில் இன்ஜின் எண் இருக்கும், சேஸிஸ் எண் இருக்கும், நிறம், இருக்கைகள், எடை எல்லாம் இருக்கும். பேட்டரி எத்தனை என்று இருக்காது. பின் அச்சின் மேல் எத்தனை ஸ்பிரிங் பட்டைகள் என்றும் இருக்காது. இல்லாத விவரத்தோடு எதுவும் முரண்பட முடியாது. ஆகவே என் வண்டியில் இரண்டாவது பேட்டரி வைக்கவும், ஸ்பிரிங் பட்டைகளை மாற்றவும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் விண்ணப்பித்தேன்.

வண்டி, நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய டீசல் பிக்கப். ஓய்வுபெற்ற பிறகு அரசு ஏலத்தில், முத்திரையிட்ட உறையில் விலை எழுதிப் போட்டு வாங்கினேன். மூட்டை ஏற்றுவதற்காக யாரோ பின்பக்கம் கூடுதல் பட்டைகள் செருகியிருந்தார்கள். பாரம் ஏற்றினால் கம்பீரமாகப் போகும். பாரமில்லாமல் போனால், ஒவ்வொரு குழியையும் நமக்குத் தனித்தனியாக அறிமுகம் செய்துவைக்கும்.

அந்த வண்டி என் மனைவிக்காக வாங்கியது. அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை மைசூரிலிருந்து கிளம்பி, கொள்ளேகால், ராமாபுரம் தாண்டி, காட்டோரத்துச் சிற்றூர்கள் ஐந்துக்குப் போய்வருவாள். மூன்று நாள் சுற்று. ஓட்டுநர் வேலை எனக்கு. அங்கே இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் சிலர் இருக்கிறார்கள். குளிர்பெட்டி உள்ள வீடு ஒன்றுகூட இல்லை. சர்ச்சில் சேர்த்துத் தரும் மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஈர மணலுக்குள் சட்டியைப் புதைத்து அதில் எப்படி வைத்திருப்பது என்று ஒவ்வொரு முறையும் முதல்முறை போலவே சொல்லிக்கொடுப்பாள்.

போன கோடையில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஐஸ் பெட்டி இரண்டாம் நாள் மதியமே வெந்நீர்ப் பெட்டியாகி, மிச்சமிருந்த மருந்தையெல்லாம் அவள் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. அடுத்த சுற்றுக்கு, வண்டி மின்சாரத்திலேயே ஓடும் சின்னக் குளிர்பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். ராத்திரியெல்லாம் அது பேட்டரியைக் குடித்துவிட்டது. காலையில் வண்டி கிளம்பவில்லை. ஊரே சிரித்துக்கொண்டு தள்ளியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே இவள் கதவைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கியிருக்கிறது என்று பிறகு படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் சொன்னார். வண்டியின் குலுக்கல் குறையவேண்டும், இல்லாவிட்டால் போவதையே நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது வழி அவரிடம் இல்லை. படத்தை உறையில் போட்டு அவளிடம் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தாள்.

ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் சாலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். சொந்த ஊர் ராமாபுரம். அந்தக் காட்டுப் பாதைகளை நன்றாக அறிந்தவர். வண்டியைப் பார்த்துவிட்டு, கூடுதல் பட்டைகளைக் கழற்றிவிட்டு மெல்லிய நீளப் பட்டைகள் போடலாம், குலுக்கலை வாங்கிக்கொள்ள நல்ல ஷாக் அப்சார்பர் நான்கு, குளிர்பெட்டிக்கென்று தனி பேட்டரி, இரண்டையும் ஓட்டத்திலேயே நிரப்பும் பெரிய ஆல்டர்னேட்டர், வயர் முழுக்கப் புதுசு என்று சொன்னார். ஒரு வாரம் போதும் என்றார். முதலில் அனுமதி வாங்கிவிடுகிறேன் என்றேன். அவர் கை துடைப்பதை நிறுத்தினார்.

“ஏனுங் சார், ஸ்பிரிங் மாத்தறதுக்கு யாருங்க பர்மிசன் கேப்பாங்க? இத்தன வருசத்துல ஒருத்தருங் கேட்டதில்லீங்க.”

கேட்காததால்தான் நாடு இப்படி இருக்கிறது என்று பதில் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஜூன் மாதம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். வரைபடம், இரண்டு பக்கப் புகைப்படம், மருத்துவச் சான்றின் நகல் எல்லாம் வைத்து, நான் அதிகாரியாக இருந்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி ஒரு விண்ணப்பம். வாங்கிய எழுத்தருக்கு அதை எந்தத் தலைப்பில் பதிவது என்று தெரியவில்லை. அப்படி ஒரு விண்ணப்பம் அதுவரை வந்ததே இல்லையாம். ஸ்வல்ப டைம் கொடி சார் என்றார். கொஞ்சம் அவகாசம். அவர் மேலே அனுப்பினார். மேலே இருந்தவர் இன்னும் மேலே. கோப்பு என்று ஒன்று பிறந்துவிட்டால், அதற்குப் பதில் வரும்வரை பொருளைத் தொடக்கூடாது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம் என்றாலோ, திரும்பப் பெற அனுமதித்து ஒரு பதில் வரவேண்டும். தேவையில்லாத ஒரு கதவை நானே செய்து, நானே பூட்டி, சாவியை அடுத்த மேசையில் கொடுத்துவிட்டிருந்தேன்.

வண்டி வாசலில் நின்றது. மழைக்காலம் வந்து அதன் கூரையில் பூக்களைக் கொட்டியது. மதியங்களில் சாய்வு நாற்காலியில் கண் அயரும்போது அந்தக் கோப்பைப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்த ஒரு நீண்ட சாலையில் அது தானாக நடந்து போகும். நிழல் விழும் இடத்தில் எல்லாம் நிற்கும். யாரோ அதன் முதுகில் ஒரு முத்திரை வைப்பார்கள், மறுபடி நடக்கும். அவசரமே இல்லாத பிராணி. எனக்கு அதன்மேல் கோபம்கூட வரவில்லை. விழித்தபின் ஒரு குளிர்ச்சிதான் மிஞ்சும், தண்ணீருக்கடியில் இருந்து வந்ததுபோல.

என் மனைவி அந்த மாதங்களில் பஸ்ஸில் போனாள். மைசூரிலிருந்து கொள்ளேகால், அங்கிருந்து ராமாபுரம், பிறகு யாராவது கொண்டுவரும் டெம்போ. துணைக்கு வருகிறேன் என்றால், ஐஸ் பெட்டிக்கு ஒரு சீட், எனக்கு ஒரு சீட், உங்கள் கொள்கைக்கு இன்னொரு சீட்டா என்பாள். ஐந்து ஊர் மூன்றாகச் சுருங்கியது. பெட்டியில் ஐஸ் இருக்கும் நேரத்துக்குள் எட்ட முடிந்தது அவ்வளவுதான். விட்டுப்போன இரண்டு ஊர்களின் பெயரையும் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

செப்டம்பரில் ஒருநாள் அவளை அழைத்துவர பஸ் நிலையத்துக்குப் போனேன். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அவள் மட்டும் கடைசிப் படியில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். தரை ஓர் அடி கீழே இருந்தது. அந்த ஓர் அடியைப் பார்த்தபடியே நின்றாள். கண்டக்டரும் நானும் தாங்கி இறக்கினோம். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஏங்க, வண்டிக்கு ஃபைல் போட்டீங்க. என் முதுகுக்கு ஒண்ணு போட்டிருந்தா அது இந்நேரம் ரிட்டயர்டே ஆகியிருக்கும்.”

கொஞ்சதூரம் போனதும், “அடுத்த தடவ நான் போகல. முடியல” என்றாள். அதைச் சொன்ன குரலில் கேலி இல்லை.

மறுநாள் காலை வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனேன். பதில் வந்ததா என்று அவர் கேட்கவில்லை. என் வாழ்நாளில் நிலுவையில் இருக்கும் கோப்பை மீறியது அன்றுதான். சட்டப்படி அது மீறலே அல்ல என்பது என்னைத் தேற்றவில்லை.

ஒரு வாரம் என்றது நீண்டது. தசரா நெருங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் மைசூரில் வயரிங் தெரிந்த ஆள் ஒருவரும் தரையில் இருக்கமாட்டார். எல்லாரும் கம்பங்களிலும் மரங்களிலும் பல்பு கட்டிக்கொண்டிருப்பார்கள். மெக்கானிக்கின் வயர்மேனும் ஏதோ ஒரு நாற்சந்தியில் கம்பத்தின் மேல் இருந்தார். போனில் மட்டும் பேசுவார். எனவே வயரிங்கை மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார். நான் காகிதத்தில் கணக்குப் போட்டு, எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு தடிமன் என்று சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டு, அதைவிட ஒரு படி தடித்த வயரை எடுப்பார்.

அந்த நாட்கள் ஒரு கனவுபோல் நினைவில் கிடக்கின்றன. சக்கரங்கள் கழற்றப்பட்டு வண்டி கட்டைகளின் மேல் மிதந்தது. பழைய பட்டைகள் தரையில் துருவேறிய நிலாப்பிறைகளாகக் கிடந்தன. டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து, பல காலத்து ஓட்டுநர்கள் சொருகிவைத்த வயர்கள் வந்துகொண்டே இருந்தன: சிவப்பு, பச்சை, நிறமே இல்லாதவை, எங்கும் போய்ச் சேராதவை. ஒவ்வொன்றையும் அவர் மெதுவாக இழுத்தார். தகரக்கூரையின் ஓட்டைகள் வழியே விழுந்த வெயில் காசுகள் அவர் முதுகில் நகர்ந்தன. சாலையில் லாரிகள் போகும் ஓசை தொலைவில் ஓடும் ஆறு மாதிரி கேட்டது. நான் டார்ச் பிடித்தேன். பிடித்தபடியே தூங்கியும் இருக்கிறேன். அவர் எழுப்பவில்லை, வெளிச்சம் எங்கே விழுந்ததோ அந்த இடத்து வேலையைப் பார்த்துக்கொண்டார்.

ஆயுதப் பூஜைக்கு முந்தின நாள் மாலை எல்லாம் முடிந்து வண்டியை இறக்கினோம். அப்போதுதான் பார்த்தோம்: புதுப் பட்டைகளின் வளைவில் வண்டியின் பின்பக்கம் தணிந்து, முன்பக்கம் நிமிர்ந்து நின்றது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் சாலையை விட்டுவிட்டு எதிரில் இருந்த மரத்தின் உச்சியைத் தொட்டது. அங்கே தூங்கப்போன காக்கைகள் கலைந்தன. விளக்கைத் திருகி இறக்கவேண்டியதுதானே என்றேன். ஆனால் மெக்கானிக் அதற்குள் கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்துப் பலகையில் வரிசையாக அடுக்கிவிட்டிருந்தார்.

“அடுக்கியாச்சுங்க சார். இனி நாளைக்குப் பூசை முடிஞ்சு, மறுநா காலைலதான் தொடறதுங்க. பகல்லதான போறீங்க? வெளக்கு மேல பாத்தா பாத்துட்டுப் போகுது.”

விதி என்றால் விதி. எனக்கு அது புரிந்தது, வாதாடவில்லை. மறுநாள் வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். என் மனைவி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு தன் பைக்குள்ளிருந்து சின்ன ஜெபப் புத்தகத்தை எடுத்து டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்தாள். இரண்டு தரப்பும் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள்.

அடுத்த நாள் விஜயதசமி, வியாழக்கிழமை. ஊரெல்லாம் யானை ஊர்வலம் பார்க்க உள்ளே வந்துகொண்டிருந்த விடியலில் நாங்கள் வெளியே போனோம். எதிரில் பஸ் பஸ்ஸாக ஜனங்கள், குழந்தைகள், பலூன்கள். எங்கள் பக்கத்துச் சாலை காலியாக இருந்தது. கொள்ளேகால் வரைக்கும் நல்ல சாலை. அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும். ராமாபுரம் தாண்டி தார் முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில் வழக்கம்போல அவள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றினாள். உதட்டை அழுத்திக்கொண்டாள்.

முதல் குழி வந்தது. வண்டி அதற்குள் இறங்கி, யோசித்து, ஏறியது. இரண்டாவது குழியில் என் முதுகு பழைய அடியை எதிர்பார்த்து விறைத்தது; அடி வரவில்லை. உண்ணிச்செடிப் புதர்கள் இரண்டு பக்கமும் மேலும் கீழும் அசைந்தன, படகிலிருந்து கரையைப் பார்க்கிற மாதிரி. பின்னால் குளிர்பெட்டி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. நான் குழிகளைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கைகள் கைப்பிடியை விட்டு மடியில் கிடந்தன. தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டாள்.

இத்தனை வருடப் பயணத்தில் அந்தப் பாதையில் அவள் தூங்கியதில்லை. பாதை முடிந்துவிடக் கூடாது என்று தோன்றியது. வேகத்தைக் குறைத்தேன். மூங்கில் நிழல் அவள் முகத்தில் விழுந்து விழுந்து போயிற்று. ஒரு வளைவில் யானைச் சாணம் ஆவி பறக்கப் புதிதாகக் கிடந்தது. ஹாரன் அடிக்காமல், இன்ஜினை அணைத்து அங்கேயே சற்று நேரம் நின்றேன். எந்த யானையும் வரவில்லை. அவளும் விழிக்கவில்லை. குளிர்பெட்டி மட்டும் தன் பேட்டரியில் பாடிக்கொண்டிருந்தது.

ஐந்து ஊர்களுக்கும் போனோம். மாதக்கணக்கில் விட்டுப்போயிருந்த நான்காவது ஊரில் ஒரு வீடு பூட்டியிருந்தது. அந்த அம்மாள் காலில் புண் வந்து கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, இப்போது மகள் வீட்டில் இருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். என் மனைவி பூட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை, எழுதத் தெரியாது. மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பியது. தள்ளுவதற்காகக் கூடியிருந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த சுற்று. திரும்பும் வழியில் கொள்ளேகாலில் அந்த அம்மாளைப் பார்த்துவருவது என்று முடிவு செய்திருந்தோம். மழை தூறியதால் கிளம்பத் தாமதமாகிவிட்டது. குளிர்பெட்டி ஏற்றியாயிற்று, இவள் ஏறி உட்கார்ந்தாயிற்று. அப்போது அலுவலகத்திலிருந்து ஓர் ஊழியர் ஸ்கூட்டரில் வந்து நின்றார். வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். உறையைப் பிரித்தேன். பொருளில் காணும் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. உத்தேசித்துள்ள மாற்றங்களைச் செய்வதற்கு முன், வாகனத்தை இப்போதுள்ள நிலையிலேயே இன்று முற்பகல் பதினொரு மணிக்கு ஆய்வுக்குக் கொண்டுவர வேண்டும்.

நான் இரண்டு முறை படித்தேன். மொழி நன்றாகத்தான் இருந்தது. அலுவலக அழைப்பு எதற்கும் நான் போகாமல் இருந்ததில்லை என்பது இவளுக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கழற்றக் கை வைத்தபடி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

“நான் இறங்கட்டுமா?”

“வேண்டாம். உட்காரு.”

ஊழியர் ஒப்புகைத் தாளை ஸ்கூட்டர் சீட்டில் விரித்து, பேனாவை நீட்டினார். ஆய்வுக்கு வருவீர்களா என்று கேட்டதற்கு, ஊரில் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். எதிரிலேயே நிற்கிறவரை அவர் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதற்குக் கீழே தேதி போட்டேன்: அக்டோபர் பதினாறு, வியாழக்கிழமை.