எரிந்தால்தான் வாதம் இறங்கும்

தொண்ணூறுகளின் நடுவில், சண்டை மூண்டிருந்த காலம். நாங்கள் கதிரவெளியில் இருந்தோம். மட்டக்களப்புப் பட்டணத்துக்குப் போவதென்றால் சோதனைச்சாவடிகளைத் தாண்டவே ஒரு பகல் போய்விடும். அதனால் யாருக்கு என்ன வந்தாலும் கைவைத்தியம்தான். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு.

பத்தொன்பது வயதுத் தங்கைக்கு விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. வாதம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வாதத்துக்கு எண்ணெய் பூசி வெயில் காய்வது எங்கள் பக்கத்து வழக்கம். தினமும் வேப்பெண்ணெய் தேய்த்து, முற்றத்து மணலில் பாய் விரித்து அவளை இருத்தினேன். முகம் எரிகிறது என்று எழும்பப் பார்ப்பாள். நான் தோளைப் பிடித்து அமர்த்துவேன்.

“எரிஞ்சாத்தான் புள்ள வாதம் இறங்கும்.”

இரண்டு மாதத்தில் கன்னம் இரண்டும் மூக்குத்தண்டும் சேர்ந்து சிவந்து தடித்தன. தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது. எண்ணெய்ச் சூடு என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஒருநாள் விடிய எழும்பினால் கண்மடல் வீங்கி, கால் ஊதிக் கிடந்தாள். அப்போதுதான் பயம் பிடித்தது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். வாய்க்குள் புண் இருக்கிறதா என்று பார்த்தார். இரத்தமும் சிறுநீரும் சோதிக்க அனுப்பினார். முடிவு வந்ததும், வெயில் பட்டால் முகம் எரியுமா என்று கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான்தான் முந்திக்கொண்டு என் வைத்தியத்தைப் பெருமையாகச் சொன்னேன். டாக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

“அந்த வெயில்தான் இவக்கு நஞ்சு.”

லூபஸ் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குமாம். வெயில் பட்டால் இன்னும் மூர்க்கமாகுமாம். சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது, இன்னும் பிந்தியிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். கூடப்பிறந்தவளை நானே கொல்லப் பார்த்திருக்கிறேன்.

அவளை வார்டிலேயே மறித்து வைத்து, ஸ்டீராய்டுக் குளிசையும் மலேரியாவுக்குக் கொடுப்பது போன்ற இன்னொரு குளிசையும் கொடுத்தார்கள். மெல்ல மெல்ல வீக்கம் வற்றியது. திடீரென்று குளிசையை நிறுத்தக் கூடாது, பாதை பூட்டினாலும் கையில் இருக்க வேண்டும் என்று இரண்டு மாதத்துக்குச் சேர்த்தே தந்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். உச்சி வெயில். என் சேலைத் தலைப்பால் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதபடியே நடந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

“நீங்க தெரியாமத்தானக்கா செஞ்சீங்க.”

அவள் இப்போதும் குளிசை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாள். அன்று சொன்னதை அவள் மறந்தும் இருப்பாள். ஆனால் தெரியாமலா செய்தேன்? எரிகிறது, எரிகிறது என்று அந்தப் பிள்ளை நாள் தவறாமல் எனக்குச் சொல்லிக்கொண்டுதானே இருந்தது.