பார்த்துக்கொள்ளச் சொன்னார் மேனேஜர்

சட்டைக் கம்பெனியின் வாசலில் பதினோரு வருஷமாக நிற்கும் காவல்காரருக்கு எல்லோரும் வைத்த பெயர் சல்யூட். முதலாளியின் காருக்கும் சல்யூட் அடிப்பார், தண்ணீர் லாரிக்கும் அடிப்பார். தைக்கிற பெண்கள் காலையில் உள்ளே போகும்போது, "எங்களுக்கெல்லாம் கிடையாதா அண்ணே?" என்று சீண்டுவார்கள். அவர்களுக்கும் ஒன்று விழும்.

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை இங்கிலீஷ். புதிதாக வந்த மேனேஜர் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். சல்யூட் எல்லாவற்றுக்கும் "எஸ் சார்" போட்டுக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சரக்கு பார்க்க வந்த வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி வாசல் அறையில் தன் பெட்டியை வைத்துவிட்டு, "கீப் அன் ஐ ஆன் இட்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏதோ பெட்டி விஷயம் என்ற மட்டில் புரிந்தது. இரண்டு மணி நேரம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. திரும்பி வந்தவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் காலேஜில் படிக்கிற மகளிடம் அர்த்தம் கேட்டார்.

"பத்திரமா பாத்துக்கோங்கன்னு அர்த்தம்ப்பா. 'கீப் அன் ஐ'ன்னா கண்ணு வைக்கிறது."

"கண்ணு வைக்கிறது நல்லதாடி?" என்றாள் அடுப்படியிலிருந்து மனைவி.

"இங்கிலீஷ்ல நல்லதும்மா."

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அடுப்பில் பால் இருந்தால் மனைவியிடம் "கீப் அன் ஐ" என்பார். "உங்க கண்ணு பட்டுதான் பொங்குது" என்று அவள் முறைப்பாள். சைக்கிளை நிறுத்துகிறவர்களிடம், "போங்க போங்க, நான் கீப் அன் ஐ பண்றேன்" என்பார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் அவருடையதாகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் காஜாக்காவின் விரலில் ஊசி இறங்கியது. சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். அந்தத் துளை போடுகிற மிஷின் அவளுடையது. புருஷன் இல்லை. படுத்த படுக்கையாக ஒரு மாமியார். ஊசி நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. நாலாம் நாளே பெரிய கட்டோடு வேலைக்கு வந்துவிட்டாள்.

அந்த வாரம் அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். கட்டைப் பார்த்துக் கேட்டவர்களிடம் அவள் மறைக்காமல் சொன்னாள்: ஊசிக்கு முன்னால் இருந்த தடுப்பை, வேகம் குறைகிறதென்று எல்லா மிஷினிலும் கழற்றிவிட்டார்கள் என்று. உள்ளே நடந்த இந்தப் பேச்சு வாசலில் நின்ற சல்யூட்டுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், மறுநாள் காலை மேனேஜர் காரை நிறுத்தி, உள்ளே போய்க்கொண்டிருந்த காஜாக்காவைக் காட்டி, "கீப் அன் ஐ ஆன் ஹெர்" என்று சொன்னதுதான்.

சல்யூட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒன்று, சொன்னது முழுசாகப் புரிந்தது. இன்னொன்று, இந்த மனுஷனுக்குள்ளும் ஈரம் இருக்கிறதே என்ற ஆச்சரியம்.

அன்று முதல் அவளைக் கூடப்பிறந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டார். அவள் சாப்பாட்டுப் பையைத் தானே வாங்கி உள்ளே வைப்பார். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் தாமதமாக வந்தால், மணி அடித்த பிறகும் கதவைத் திறந்துவிடுவார். சாயங்காலம் மேனேஜர் கேட்கும்போது ஒன்று விடாமல் சொல்வார்.

"இன்னிக்குப் பத்து நிமிஷம் லேட்டு சார். பாவம், ஆஸ்பத்திரில கூட்டம். மதியம் கை வலிக்குதுன்னு கொஞ்ச நேரம் வெளிய வந்து உக்காந்தாங்க சார்."

"ஐ சீ," என்று மேனேஜர் குறித்துக்கொள்வார். மருந்து கிருந்து வாங்கித் தரப் போகிறாராக்கும் என்று சல்யூட் நினைத்துக்கொண்டார். ஒருநாள் கூடுதலாகவே சொன்னார்: "எல்லாருக்கும் அவங்க மேல பாசம் சார். டீ நேரத்துல அவங்களைச் சுத்தித்தான் உக்காருறாங்க. அவங்க சொன்னா மத்தவங்க கேக்குறாங்க."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு யாரு?" என்று தமிழிலேயே கேட்டார்.

ஐந்து பேரைச் சொன்னார்.

மூன்றாம் வாரம் காஜாக்காவை வாசலிலேயே நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கூடவே ஒரு கவர். அதை அவளிடம் கொடுத்ததும் சல்யூட்தான். அவள் கட்டுப்போட்ட விரலை மடக்காமல் பிரித்துப் படித்தாள். தாமதமாக வந்த தேதிகள், வேலை நேரத்தில் வெளியே உட்கார்ந்த தேதிகள், தொழிலாளரைக் கூட்டிவைத்துத் தூண்டிவிட்டது. கடைசியில், 'வாயிற்காவலர் நேரில் கண்டு கூறியபடி'.

"இதெல்லாம் நீங்க சொன்னதா அண்ணே?"

"நல்லதுக்குத்தாம்மா சொன்னேன். உன்னைப் பாத்துக்கச் சொன்னாரும்மா அவரு..."

அவள் கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தாள். பிறகு சாப்பாட்டுப் பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் மகளிடம் எரிந்து விழுந்தார். அவள் மெதுவாகச் சொன்னாள்: "வேவு பாக்கறதுக்கும் அதையேதான்ப்பா சொல்லுவாங்க. யாரு, யாரைப் பத்திச் சொல்றாங்கன்னு பாத்துதான் புரிஞ்சுக்கணும்."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"அன்னிக்கு நீங்க பெட்டியைப் பத்தித்தானே கேட்டீங்க?"

பெண்கள் இப்போது அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் கை தானாக நெற்றிக்கு உயரும், ஒருத்தியும் திரும்பமாட்டாள். மேனேஜர் மட்டும் தட்டிக்கொடுத்தார். வெயிலில் நிற்க வேண்டாமென்று வாசல் அறைக்கு மின்விசிறி போட்டுக் கொடுத்தார்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காஜாக்காவின் வீட்டுக்குப் போனார். அவள் மாமியாருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் பெட்டியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

"நம்புறேன் அண்ணே. லேபர் ஆபீஸ்ல கேஸ் போட்டிருக்கேன். இப்ப எங்கிட்ட சொன்னதையே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. தூண்டிவிட்டதை நான் பாக்கலைன்னு சொல்லுங்க. போதும்."

வேலை, மகளின் படிப்பு, வயசு எல்லாம் ஒரே நொடியில் அவர் கண்முன் வந்து நின்றன.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேம்மா."

"கேட்டுட்டு வாங்க," என்றாள். அவர் வரமாட்டார் என்பது அவள் குரலிலேயே இருந்தது.

விசாரணை நாளன்று காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டார். உடம்பு சுடவே இல்லை. கம்பெனி வைத்த கடிதத்தை மறுக்க ஆளில்லாமல் அவள் கேஸ் தள்ளுபடியானது. அவள் அதற்குப் பிறகு எங்கே வேலைக்குப் போனாள் என்று அவருக்குச் சொல்வார் இல்லை.

வெகுநாள் கழித்து ஏதோ பேச்சில் மனைவியிடம் இதைச் சொன்னார். "நீ வேணாம்னு சொல்லுவேன்னுதான் கையெழுத்துப் போடலை."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட எப்பங்க கேட்டீங்க?"